மூன்று ஒயர் பேஸ்மேக்கர் பலன் தருமா என்பதை எக்கோ பார்த்தே சொல்லிவிட முடியுமா?

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு வயது 64, பம்பிங், அதாவது இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தம், 28 சதவீதம். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிஆர்டி என்கிற மூன்று ஒயர் பேஸ்மேக்கர் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், செலவு லட்சக்கணக்கில் ஆகும், வைத்தால் தேறுவாரா என்பதை எக்கோவிலேயே பார்த்துச் சொல்லக் கூடாதா என்று கேட்கிறார்.

நான் எக்கோ டெக்னீஷியன். எக்கோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முதலில் அப்பாவின் ஈசிஜியை எடுங்கள்.

சிலருக்கு இதயத்தின் இடது பக்க மின்பாதையில் அடைப்பு இருக்கும், லெஃப்ட் பண்டில் பிராஞ்ச் பிளாக் என்பார்கள். மின்சாரம் நடுச்சுவருக்கு முதலில் வந்துவிடும், எதிரே இருக்கும் பக்கச்சுவருக்குத் தாமதமாகத்தான் போகும். ஈரப் போர்வையை இரண்டு பேர் பிழியும்போது ஒருவர் முறுக்கி விட்டுவிட்ட பிறகு மற்றவர் முறுக்கினால் தண்ணீர் எப்படி வடியும்? சிஆர்டியின் மூன்றாவது ஒயர் அந்தப் பக்கச்சுவரைச் சரியான நேரத்தில் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான்.

சுவர்கள் அசைவதை எக்கோவில் கண்ணாலேயே பார்க்கிறோம், அப்படியானால் தாமதத்தை அளந்து யாருக்குப் பலன் கிடைக்கும் என்று சொல்லிவிடலாமே என்று எல்லோருக்கும்தான் தோன்றியது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் டிஷ்யூ டாப்ளர் (சுவர் அசையும் வேகத்தை அலையாகக் காட்டும் எக்கோ முறை) போட்டு, எதிரெதிர் சுவர்களுக்கு இடையே தாமதம் 65 மில்லிசெகண்ட் தாண்டினால் சிஆர்டி வேலை செய்யும் என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஒரே நோயாளியின் ஒரே பதிவை நானும் எங்கள் சீனியரும் தனித்தனியாக அளந்தோம். எனக்கு 80, அவருக்கு 45. பலவீனமான இதயத்தில் அலை ஒரே கூம்பாக வராது, இரண்டு மூன்று மேடு இருக்கும், எந்த மேட்டை உச்சம் என்று எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும், சுவரில் அளக்கும் புள்ளியைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினாலும் மாறிவிடும். ஒருவரின் ஆபரேஷனை இந்த எண்ணை நம்பியா முடிவு செய்கிறோம் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

2008-இல் வெளிவந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வு அதைத்தான் பெரிய அளவில் காட்டியது. 53 மையங்கள், சிஆர்டி வைத்துக்கொண்ட சுமார் 500 நோயாளிகள், 12 வகை எக்கோ அளவுகள். நோயாளிகளில் 69 சதவீதம் பேர் தேறினார்கள், ஆனால் யார் தேறுவார் என்பதை அந்த 12-இல் ஒன்றுகூட நம்பும்படி முன்கூட்டிச் சொல்லவில்லை. அளப்பவருக்கு அளப்பவர் வித்தியாசமும் அதிகம்.

2013-இல் வந்த எக்கோ-சிஆர்டி ஆய்வுதான் என்னை உலுக்கியது. ஈசிஜியில் க்யூஆர்எஸ் (கீழறைகள் முழுவதும் மின்சாரம் பரவ எடுக்கும் நேரத்தைக் காட்டும் அலை) அகலம் 130 மில்லிசெகண்டுக்குக் கீழே, ஆனால் எக்கோவில் தாமதம் தெரிகிறது என்ற 809 பேருக்கு கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் சிஆர்டியை இயக்கினார்கள். இயக்கியவர்களில் 11.1 சதவீதம் பேர் இறந்தார்கள், இயக்காதவர்களில் 6.4. ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே, ஈசிஜி குறுகலாக இருக்கும்போது “எக்கோவில் டிஸ்ஸிங்க்ரனி (சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்காமல் இருப்பது) இருக்கிறது, அதனால் வைத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். க்யூஆர்எஸ் ஏறக்குறைய நாலு கட்டம் அகலம், அதாவது 150-ம் அதற்கு மேலும், கூடவே அந்த இடது பக்க அடைப்பு, பம்பிங் 35-ம் அதற்குக் கீழும், மாத்திரைகள் முழு அளவில் கொடுத்துப் பார்த்தும் மூச்சு வாங்கல் குறையவில்லை என்றால் அப்பா பலன் பெற வாய்ப்புள்ளவர்களில் ஒருவர். 130-க்கும் 150-க்கும் நடுவில் இருந்தால் டாக்டரிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டிய இடம்.

அப்படியென்றால் எக்கோ வேண்டாமா? வேண்டும். பம்பிங் எவ்வளவு, வால்வு எவ்வளவு கசிகிறது, பழைய அட்டாக்கில் எந்தச் சுவர் செத்து மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் எக்கோவில்தான் தெரியும். பக்கச்சுவர் வெறும் தழும்பாக இருந்தால் ஒயர் தட்டினாலும் அது எழுந்திருக்காது. அப்புறம், ஸ்கேல் வைக்காமல் கண்ணால் பார்ப்பது ஒன்று உண்டு. துடிப்பு தொடங்கிய உடனே நடுச்சுவர் வெடுக்கென்று உள்ளே இழுத்துத் திரும்பும், செப்டல் ஃப்ளாஷ் என்கிறோம், இதயத்தின் நுனி முதலில் நடுச்சுவர்ப் பக்கம் சாய்ந்து பிறகு எதிர்ப்பக்கம் ஆடும். இவை தெளிவாகத் தெரிகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள், பின்னால் வந்த ஆய்வுகளும் அப்படித்தான் காட்டின. ஆனாலும் இவை இல்லை என்பதற்காக, ஈசிஜி தெளிவாக இருக்கும் ஒருவருக்கு சிஆர்டியை மறுக்க மாட்டேன்.

வைப்பதாக முடிவானால், வைக்கும் முன் எடுக்கும் எக்கோ ரிப்போர்ட்டில் பம்பிங் சதவீதத்தோடு இடது கீழறை சுருங்கி முடிந்த நிலையில் அதில் எத்தனை மில்லி ரத்தம் இருக்கிறது என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், வீடியோ பதிவையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, முடிந்தால் அதே மெஷினில் பாருங்கள். அந்த மில்லி அளவு 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் இதயம் சிறுத்துத் தேறுகிறது என்று அர்த்தம்.

அப்பாவின் க்யூஆர்எஸ் அளவை, பெயரை மறைத்துவிட்டு, கீழே எழுதுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.