அமெரிக்கா மிரட்டுகிறதா, முடிவெடுத்துவிட்டதா?

கேள்வி: சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவன் நான். சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா என்று ஏதாவது ஒரு நாட்டை அமெரிக்கா எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. சில எச்சரிக்கைகள் பேச்சோடு நின்றுவிடுகின்றன. சிலவற்றுக்குப் பின் இரண்டொரு நாளில் குண்டு விழுகிறது. எது எந்த வகை என்று ஓரளவாவது முன்கூட்டியே கணிக்க, செய்திகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அறிக்கையைக் கடைசியில் படியுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அங்கே அனுப்பும் கப்பலையும் ஆயுதத்தையும் எங்கிருந்து எடுத்தார்கள்?

அமெரிக்காவுக்கு எதிரிகள் அதிகம் என்பது பழைய செய்தி. ஒரே கப்பலும் ஒரே ஏவுகணையும் மூன்று இடங்களில் தேவைப்படுவதுதான் அதன் இன்றைய சங்கடம். பனிப்போர் முடிந்த கையோடு, 1993-இல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகன் போட்ட கணக்கு வேறு. ஏறத்தாழ ஒரே சமயத்தில் இரண்டு பெரிய போர்களை நடத்தி வெல்ல வேண்டும் என்றது. 2018-இன் பாதுகாப்பு வியூகம் அதைச் சத்தமில்லாமல் சுருக்கிவிட்டது. வல்லரசு ஒன்றோடு ஒரு போர், மற்ற இடங்களில் எதிரியைத் தடுத்து வைத்தால் போதும் என்றாகிவிட்டது. ஆகவே ஓரிடத்தில் உறுதியாக இறங்கினால் இன்னோரிடத்தில் பிடி தளர்ந்தே ஆக வேண்டும். எந்த இடமும் தளராமல் வெளிவரும் எச்சரிக்கை பெரும்பாலும் வாய்ப்பேச்சு.

விமானந்தாங்கிக் கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 11 இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்த நேரத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கடலில் பணியில் இருக்கும். மற்றவை பழுதுபார்ப்பிலோ பயிற்சியிலோ இருக்கும். கையில் இருப்பது மூன்றோ நான்கோதான். 2025 ஜூனில் தென்சீனக் கடலில் இருந்த நிமிட்ஸ் கப்பல், வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போவதாக இருந்தது. அந்தப் பயணத்தை ரத்து செய்துவிட்டு மேற்கே திரும்பியது. செய்தித்தாளில் அது நான்கு வரிச் செய்தி. அதே நாள்களில் முப்பதுக்கு மேற்பட்ட டேங்கர் விமானங்கள், அதாவது வானிலேயே எரிபொருள் நிரப்புபவை, அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போயின. ஈரான் பற்றி இரண்டு வாரத்துக்குள் அதிபர் முடிவெடுப்பார் என்று ஜூன் 19 அன்று வெள்ளை மாளிகை அறிவித்தது. 22-ஆம் தேதி அதிகாலையிலேயே ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் அணு நிலையங்கள் தாக்கப்பட்டன. அறிக்கையை நம்பியவர் ஏமாந்தார். டேங்கர்களைப் பார்த்தவர் ஏமாறவில்லை. ஒப்புக்காக அத்தனை டேங்கர்களை யாரும் கடல் தாண்டி அனுப்புவதில்லை.

ஆனால் நகர்வுகளும் பொய் சொல்லும். அதே தாக்குதலின்போது சில பி-2 குண்டுவீச்சு விமானங்கள் பசிபிக் பக்கமாகப் பறந்தன. விமானங்களைப் பின்தொடரும் ஆர்வலர்களும் ஊடகங்களும் பசிபிக்கில் அமெரிக்கத் தளம் இருக்கும் குவாம் தீவை நோக்கிக் கண் பதித்திருக்க, உண்மையான தாக்குதல் அணி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பசிபிக் பக்கம் போனவை கண்கட்டு வித்தை. ஆகையால் ஒற்றை விமானக் கூட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். டேங்கர், கப்பல், தூதரகக் குடும்பங்களை வெளியேற்றுவது ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் அது வேறு விஷயம்.

அடுத்தது ஆயுதக் கிடங்கு. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை; என் கணிப்பில் இதுதான் மிக முக்கியம். உக்ரைன் போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்குச் சுமார் 14,000 பீரங்கிக் குண்டுகளைத்தான் செய்துகொண்டிருந்தது. உக்ரைனில் அது சில நாள்களுக்குக்கூடக் காணாது. 2025 முடிவதற்குள் மாதம் ஒரு லட்சமாக உயர்த்துவதாக இலக்கு வைத்தார்கள், எட்டவில்லை. செங்கடலில் 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹவுதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, சில ஆயிரம் டாலர் பெறுமான டிரோன்களை வீழ்த்த ஏறத்தாழ 20 லட்சம் டாலர் விலையுள்ள ஏவுகணைகளை ஏவினார்கள். செலவைவிடக் கவலை தருவது காலம். அப்படி ஓர் ஏவுகணையைச் செய்து முடிக்க ஆண்டுக் கணக்காகும். செங்கடலில் செலவான ஏவுகணை, சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான தைவான் நீரிணையில் இருக்காது. பெய்ஜிங்கில் இருப்பவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. நாடாளுமன்றம் பாதுகாப்புக்கு இவ்வளவு கோடி டாலருக்கு அனுமதி அளித்தது என்று செய்தி வந்தால் அவசரப்பட வேண்டாம். அனுமதிச் சட்டம் வேறு, நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. இரண்டாவது வந்தால்தான் காசு நகரும். பல ஆண்டுகளில் அது நேரத்துக்கு வருவதில்லை. பழைய ஒதுக்கீட்டையே நீட்டித்துக் காலம் தள்ளுவார்கள், அந்தக் காலத்தில் புதிய திட்டம் எதையும் பொதுவாகத் தொடங்க முடியாது. 2024 நிதியாண்டில் கடனுக்கான வட்டி, பாதுகாப்புச் செலவையே தாண்டிவிட்டது என்பதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆயுத விற்பனை அறிவிப்பும் அதே ரகம். தைவானுக்கு 66 எஃப்-16 போர் விமானங்களை, ஏறத்தாழ 800 கோடி டாலருக்கு விற்க 2019-இல் ஒப்புதல் தரப்பட்டது. தலைப்புச் செய்தி அன்றே வந்துவிட்டது. முதல் விமானத்தை 2025 மார்ச்சில்தான் ஒப்படைத்தார்கள்.

ஒப்பந்த வாசகங்களைச் செய்தியில் படிக்காமல் மூலத்திலேயே படியுங்கள். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவு உடனே போருக்கு வருவதாக வாக்களிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு நாடும் தான் தேவையென்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்பதே அதன் சாரம். இதுவரை அது ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்காகத்தான் பயன்படுத்தப்பட்டது. தைவானுக்கு அதுவும் இல்லை. 1979-இன் தைவான் உறவுச் சட்டம் தற்காப்பு ஆயுதங்களைத் தரச் சொல்கிறது. படை அனுப்புவதாக எங்கும் சொல்லவில்லை. அதிபராக இருந்தபோது பைடன், தைவானைக் காப்போம் என்று பலமுறை சொன்னார். கொள்கையில் மாற்றமில்லை என்று அவருடைய அலுவலகம் ஒவ்வொரு முறையும் விளக்கம் தந்தது. இரண்டில் எது அமெரிக்காவின் நிலைப்பாடு என்று கேட்டால், இரண்டும்தான். தெளிவில்லாமல் வைத்திருப்பதே அங்கே கொள்கை.

அப்படியானால் பேச்சுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. 1950 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன், பசிபிக்கில் அமெரிக்காவின் பாதுகாப்பு வளையத்தை விளக்கிய உரையில் தென் கொரியாவை அதற்குள் சேர்க்கவில்லை. ஜூனில் வட கொரியப் படை எல்லையைத் தாண்டியது. அந்த உரைதான் காரணமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் சண்டை. 2012-இல் சிரியாவின் ரசாயன ஆயுதங்களைச் சிவப்புக் கோடு என்றார் ஒபாமா. அடுத்த ஆண்டு கூத்தா பகுதியில் அந்தக் கோடு தாண்டப்பட்டபோது தாக்குதல் நடக்கவில்லை. முன்னதில் விடுபட்ட பெயர் எதிரிக்குத் துணிச்சல் தந்திருக்கலாம். பின்னதில் சொன்ன சொல் காற்றோடு போனது. என்ன சொன்னார்கள் என்பதோடு, எந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள் என்றும் பாருங்கள். 1986-இன் சட்டப்படி வெளியாகும் தேசியப் பாதுகாப்பு வியூக ஆவணத்தைப் படிக்கவும் இது உதவும். 2022-இன் ஆவணம் சீனாவை முதலில் வைத்தது. 2025 டிசம்பரில் வந்தது, அமெரிக்கக் கண்டங்களை முன்னால் கொண்டுவந்தது.

தொடங்குவதற்கு, அமெரிக்கக் கடற்படை ஆய்வுக் கழகத்தின் செய்திப் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் கப்பல் இருப்பிட வரைபடத்தைப் பின்தொடருங்கள், இலவசம். இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்தால், எந்தக் கடல் காலியாகிறது என்பது பழகிவிடும். நீர்மூழ்கிகளின் இருப்பிடம் மட்டும் அதில் வராது. இஸ்பஹான் மீது விழுந்த டோமஹாக் ஏவுகணைகள் அப்படிப்பட்ட ஒரு நீர்மூழ்கியிலிருந்துதான் ஏவப்பட்டன.