காந்தக் குழாய் பொருத்தினால் நாற்று வளருமா?

கேள்வி: சிறிய நாற்றங்கால் வைத்திருக்கிறேன். தண்ணீர் உப்பு. குழாயில் காந்தக் கருவி பொருத்தினால் உப்பு ‘உடைந்து’ நாற்று வேகமாக வளரும் என்கிறார் விற்பனையாளர். இரண்டு தட்டுகளை வைத்துக் காட்டினார், ஒன்று நன்றாகவே செழித்திருந்தது. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உப்பை முதலில் பார்ப்போம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை எடுத்து, கருவிக்கு முன்னால் ஒரு டம்ளர், பின்னால் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டிலும் எண் ஒன்றாகத்தான் இருக்கும். சோடியமும் குளோரைடும் காந்தத்தைத் தாண்டி அப்படியே வேருக்குப் போகின்றன. தண்ணீர் மூலக்கூறுகள் சின்னச் சின்னக் கொத்துகளாகப் பிரியும் என்றும் சொல்லியிருப்பார். அந்த மூலக்கூறுகளைச் சேர்த்து வைக்கும் பிணைப்புகள் ஒரு விநாடியில் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்திலேயே அறுந்து மறுபடி சேர்பவை. குழாயிலிருந்து செடிவரை கொத்து எங்கே தாங்கும்?

அதற்காக எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். முளைப்பும் வளர்ச்சியும் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு, ஒன்றும் மாறவில்லை என்பவையும் உண்டு. பயிர், தண்ணீர், காந்தத்தின் வலு மாறினால் முடிவும் மாறுகிறது. ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இல்லை.

அந்த இரண்டு தட்டுகளைத்தான் நான் நம்ப மாட்டேன். ஒரே விதைப் பொட்டலமா, ஒரே நாளில் விதைத்ததா, யார் எவ்வளவு ஊற்றினார்? ஜன்னலோரத் தட்டுக்கு வெயில் கூட விழுந்தாலே போதும், வித்தியாசம் தெரியும்.

கருவியைச் சில வாரம் இரவல் கேளுங்கள். தட்டுக்கு 50 விதை, மொத்தம் ஆறு தட்டு. மூன்றுக்குக் காந்தத் தண்ணீர், மூன்றுக்கு அதே தொட்டியின் சாதாரணத் தண்ணீர், ஒரே அளவில். எது எதுவென்று ஊற்றுபவருக்கு மட்டும் தெரியட்டும். தட்டுகளைத் தினமும் இடம் மாற்றச் சொல்லுங்கள். எண்ணுவதும் உயரம் அளப்பதும் நீங்கள். ஒன்றில் 43, இன்னொன்றில் 40 முளைத்தால் அது தற்செயல்தான், துள்ள வேண்டாம். மூன்று தட்டும் தெளிவாக முந்தினால் அப்புறம் யோசிக்கலாம்.

இரவல் தர மறுத்தால், பலன் இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அதுவும் இல்லையா, விட்டுவிடுங்கள். உப்புக்கு மழைநீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள், மீட்டரில் எண் ஏறக்குறைய பாதியாக இறங்கும்.