பெட்ரோல் விலை ஏறும்போது பெரிய பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: அலுவலக வேலை பார்க்கிறேன். போகவர தினமும் 50 கி.மீ., வெளியே சுற்றுவதையும் சேர்த்தால் வருடத்துக்கு 18,000 கி.மீ. ஓட்டுகிறேன். இப்போதைய கார் லிட்டருக்கு 14 கி.மீ. தருகிறது. சனி, ஞாயிறுகளில் வீட்டுப் பட்டறையில் மரவேலை செய்கிறேன். பிளைவுட், மரச்சட்டம் எல்லாம் ஏற்றிவர வசதியாக இருக்குமே என்று பெரிய பிக்கப் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். பெட்ரோல் விலை ஏறுவதால் ஷோரூமில் நல்ல தள்ளுபடி தருகிறார்கள். காரைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துவிடலாமா? என் அண்ணன் நேரெதிர். 'என் பழைய பிக்கப் லிட்டருக்கு 6 கி.மீ.தான் ஓடுகிறது, கட்டுப்படியாகவில்லை' என்று அதை விற்றுவிட்டுச் சின்ன கார் வாங்கப் போகிறார். யார் செய்வது சரி?

பதில்: அண்ணன் செய்வது பாதி சரி. நீங்கள் செய்ய நினைப்பது சரியில்லை. ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது விலையேற்றத்துக்கு அல்ல.

பெட்ரோல் விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு லிட்டரில் கணக்குப் போடுங்கள். 18,000 கி.மீ. ஓட உங்கள் காருக்கு வருடம் சுமார் 1,290 லிட்டர் தேவை. பெரிய பெட்ரோல் பிக்கப் ஊருக்குள்ளும் வெளியிலுமாகக் கலந்து ஓடினால் லிட்டருக்கு 8 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கஞ்சத்தனமான கணக்கு இல்லை, தாராளமாகவே வைத்திருக்கிறேன். அதற்கு 2,250 லிட்டர். வித்தியாசம் 960 லிட்டர், ஒவ்வொரு வருடமும். ஐந்து வருடத்துக்கு 4,800 லிட்டர். உங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் இன்று என்ன விலையோ அதால் பெருக்கி, ஷோரூம்காரர் சொன்ன தள்ளுபடிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். நீங்கள் காரையே வைத்துக்கொள்கிறீர்கள், பெட்ரோல் 20 சதவீதம் ஏறிவிடுகிறது. உங்கள் செலவு, பழைய விலையில் 1,540 லிட்டர் வாங்கியதற்குச் சமம். விலை ஒரு காசுகூட ஏறாமல் இருந்து பிக்கப்பை எடுத்திருந்தாலோ 2,250 லிட்டர். பிக்கப் தின்னும் அளவுக்கு உங்கள் கார் செலவு வைக்க வேண்டுமென்றால் பெட்ரோல் விலை 75 சதவீதம் ஏற வேண்டும். அதாவது நீங்கள் பயப்படும் விலையேற்றத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஏற்றத்தை, வண்டியை மாற்றும் ஒரே கையெழுத்தில் நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். பெட்ரோல் மலிவாக இருந்த காலத்தில் கேட்டிருந்தாலும் தினசரி 50 கி.மீ. ஓட்டத்துக்கு இந்த வண்டி வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படியானால் தள்ளுபடி பொய்யா என்றால், இல்லை, உண்மைதான். எரிபொருள் ஏறும்போது பெரிய வண்டிகள் தேங்கும், விற்பவர் இறங்கி வருவார். 2008-ல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். பல வருடங்களாக மாத விற்பனையில் அசைக்க முடியாமல் இருந்த ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப்பை அந்த மே மாதம் ஹோண்டா சிவிக் என்ற சின்ன கார் முந்தியது. ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ், பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் பெரிய வண்டிகளான தன் ஹம்மர் பிராண்டை என்ன செய்வதென்று மறுபரிசீலனை செய்யப் போவதாக அறிவித்தது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அந்தக் கோடையில் பதறிப்போய் பிக்கப்பை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு, வரிசையில் நின்று சின்ன காரை முழு விலைக்கு வாங்கியவர்கள் ஏராளம். பிறகு நிதி நெருக்கடி வந்தது. டிசம்பரில் கச்சா எண்ணெய் 40 டாலருக்கும் கீழே போய்விட்டது. விற்றவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி.

எப்போதும் இதே மாதிரி நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022-ல் பெட்ரோல் ஏறியபோது வண்டிகளில் வைக்கும் மின்னணு சிப்புகளின் தட்டுப்பாட்டால் புது வண்டிகளின் வரத்தே குறைந்திருந்தது. அதனால் பழைய பிக்கப்களின் விலை 2008 போலச் சரியவில்லை. ஆனாலும் பொதுவாக, எரிபொருள் ஏறும் காலம் பெரிய வண்டியை விற்பவருக்கு மோசமான காலம். பழையதாக வாங்கி, அதிகம் ஓட்டாமல் நீண்ட நாள் வைத்துக்கொள்பவருக்கு நல்ல காலம். இன்று உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, நாளை நீங்கள் விற்கப்போகும்போது உங்கள் தலையில் விழக்கூடிய தள்ளுபடியும்தான். இப்போதே ஐந்து வருடத் தவணை போட்டு, இரண்டாவது வருடமே 'தாங்கவில்லை' என்று விற்கப் போனால், வண்டியின் விலை பாக்கிக் கடனைவிடக் கீழே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, பிளைவுட்டுக்கு வருவோம். பழைய வண்டிகளை மதிப்பிடுவது என் தொழில். பிக்கப் வந்தால் இன்ஜினைத் திறப்பதற்கு முன்பு பின்தொட்டியைத்தான் பார்ப்பேன். உண்மையில் சுமை ஏற்றிய வண்டியின் தரை பெயின்ட் உரிந்து, சக்கர மேடுகளின் (சக்கரத்துக்கு இடம்விட்டுத் தொட்டிக்குள் புடைத்திருக்கும் பகுதி) ஓரம் நசுங்கி, பின்கதவின் மேல் விளிம்பில் சட்டங்கள் உரசிய கோடுகள் இருக்கும். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் தொட்டி பளபளவென்று இருக்கும். ஐந்து வருடம் காற்றைச் சுமந்திருக்கும். வாங்கும்போது அவர்களும் உங்களைப் போல ஏதோ ஒரு பிளைவுட்டை மனதில் வைத்துத்தான் வாங்கியிருப்பார்கள். அதனால் போன வருடத்து ரசீதுகளை எடுத்து எண்ணுங்கள். காரில் அடங்காத சரக்கு எத்தனை நாள் வந்தது? பத்து நாளா, நாற்பது நாளா? பத்து என்றால் அந்தப் பத்து நாளும் வாடகை வண்டி எடுப்பதுதான் புத்திசாலித்தனம், அதற்கு மேல் பேச்சே வேண்டாம். மாதம் மூன்று நான்கு முறை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்தான் உங்கள் அளவுகோல். பெரிய பிக்கப்களில் இரண்டு சக்கர மேடுகளுக்கும் நடுவே பொதுவாக நாலடிக்குச் சற்று அதிகமாகவே இடம் விடுவார்கள், ஷீட் தட்டையாகப் படுக்கட்டும் என்று. நடுத்தர பிக்கப்களில் பெரும்பாலானவற்றில் அந்த இடைவெளி கிடையாது. மேடுகளின் மேல்தான் ஷீட்டை வைக்க வேண்டும். அகலம் சரி, நீளத்தில்தான் ஏமாற்றம். நான்கு கதவு, ஐந்து பேர் உட்கார இடம் என்று ஷோரூம் வாசலில் நிற்கும் வண்டிகளின் தொட்டி பல நேரம் ஐந்தரை அடிதான். எட்டடி ஷீட்டை உள்ளே தள்ளினால் இரண்டரை அடி வெளியே நீளும். பின்கதவைத் தாழ்த்தி அதன்மேல் கிடத்தி, கயிறு போட்டுக் கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் வர முடியும். ஆறரை அடித் தொட்டி என்றால் பிழைக்கலாம். எட்டடித் தொட்டி என்றால் நிம்மதி, ஆனால் அதை நிறுத்த இடம் வேண்டும். டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். விற்பவர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், பேசட்டும்.

எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். 18 மி.மீ. ஷீட் ஒன்று 30 கிலோ அளவில் இருக்கும். பத்து ஷீட் என்றாலும் 300 கிலோ. பெரிய பிக்கப் அதைப் போல இரண்டு மூன்று மடங்கைச் சாதாரணமாகச் சுமக்கும். அதாவது உங்களுக்குத் தேவைப்படுவது இடம், பலம் அல்ல. இடம்தான் வேண்டுமென்றால் காரின் பின்னால் கொக்கி மாட்டி ஒரு சின்ன டிரெய்லரை இழுப்பது மலிவான வழி. கார் எவ்வளவு இழுக்கலாம், கொக்கியின் மேல் எவ்வளவு எடை அழுத்தலாம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். சில கார்களில் இழுக்கவே கூடாது என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் கொக்கியை வெல்டிங் வைக்கக் கொடுத்துவிடாதீர்கள். டிரெய்லர் பெட்ரோல் குடிக்காது, இன்ஜின் ஆயில் கேட்காது. மற்ற ஆறு நாளும் சுவரோரம் கிடக்கும். பின்னோக்கி எடுப்பதற்கு மட்டும் இரண்டு ஞாயிறு பழக வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் பிக்கப்தான் வேண்டும் என்றால், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசை எனக்கும் புரியும். ஆனால் எந்த இன்ஜின் என்பதில் கவனம் தேவை. சின்ன டர்போ இன்ஜின் காலியாக, நிதானமாக ஓடும்போது உண்மையாகவே மிச்சம் பிடிக்கும். சுமை ஏற்றி மிதித்தால் பெரிய இன்ஜினுக்குச் சமமாகக் குடிக்கும். டீசல் இழுவைக்கு அருமை, மைலேஜும் கூடும். அதில் ஒரு பகுதி, டீசலில் லிட்டருக்கு 10 முதல் 15 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருப்பதால் கிடைப்பது. ஆனால் இன்றைய டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் வேண்டும். பட்டறைக்கும் மரக்கடைக்கும் நடுவே பத்து நிமிடம் பத்து நிமிடமாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், பழுதுச் செலவு கொஞ்சநஞ்சமாக இருக்காது. ஹைப்ரிட் பிக்கப் ஊருக்குள் நின்று நின்று போகிறவருக்குத்தான் லாபம். மின்சார பிக்கப்பில் டிரெய்லர் இழுத்தால் ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெறும் தொட்டிச் சுமைக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை.

டயரையும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் காலையும் பற்றி ஒரு வார்த்தை. வண்டியை உயர்த்தி, சேற்று டயர் மாட்டினால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மைலேஜ் அந்தக் கம்பீரத்துக்கே போய்விடும். வேகமும் அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. மணிக்கு 90 கி.மீ.-ல் போகிறவர் 110-க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிக்கப்பின் முகமோ சுவர் மாதிரி. பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தேங்கி நிற்கும், மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும்.

இப்போது அண்ணன். தினமும் ஓட்ட 6 கி.மீ. வண்டி கட்டுப்படியாகாது என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் காரில் லிட்டருக்கு 4 கி.மீ. கூடி 18 ஆனால், 18,000 கி.மீ.-க்கு மிச்சமாவது 290 லிட்டர்கூட இல்லை. அவர் வண்டியில் வெறும் 2 கி.மீ. கூடி 8 ஆனாலே அதே தூரத்துக்கு 750 லிட்டர் மிச்சம். மைலேஜ் எண்ணைப் பார்த்து மனம் இப்படி ஏமாறுவதை டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிக் காட்டினார்கள். லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்று கேட்காமல் 100 கி.மீ.-க்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால் இந்த ஏமாற்றம் வராது. அதிகம் குடிக்கும் வண்டியைத் தினசரி ஓட்டத்திலிருந்து எடுப்பதில்தான் பெரிய லாபம். ஆகவே அவர் சின்ன கார் வாங்கட்டும்.

அவர் தவறு செய்வது, அந்த பிக்கப்பை இந்த நேரத்தில் வெளியே விற்பதில். டீலர் அடிமாட்டு விலைதான் சொல்வார். அதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கார் வாரநாள் ஓட்டமாக 15,000 கி.மீ. ஓடினால் 1,070 லிட்டர். அண்ணன் வண்டி சனி, ஞாயிறு மட்டும் 3,000 கி.மீ. ஓடினால், லிட்டருக்கு 6 கி.மீ. என்றாலும் 500 லிட்டர். மொத்தம் 1,570. காரைக் கொடுத்துவிட்டுப் புது பிக்கப் எடுத்திருந்தால் 2,250. அவ்வளவு குடிக்கிற பழைய வண்டியை வைத்துக்கொண்டே வருடம் 680 லிட்டர் குறைகிறது, தவணையும் இல்லை. இரண்டாவது வண்டிக்கான காப்பீடு, வரி, டயர், நிறுத்த இடம் ஆகியவற்றை இதற்கு எதிரில் எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மீதி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணன் வண்டிதானே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். வண்டியை மேலே தூக்கி அடிச்சட்டத்தில் துரு எந்த அளவு ஏறியிருக்கிறது என்று ஒரு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் கணீரென்று வர வேண்டும், பொதபொதவென்று வந்தால் விட்டுவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் நிறத்தையும் பாருங்கள், கருத்துக் கருகிய வாடை அடித்தால் அதற்கும் ஒரு தொகையை விலையில் குறைக்கச் சொல்லலாம், அண்ணனாக இருந்தாலும். விலை பேசும்போது, அவருக்கும் மாதம் ஒரு நாள் வண்டி வேண்டியிருக்கும் என்பதை மறக்காமல் பேசிவிடுங்கள். சாவி யாரிடம் இருக்கும், டேங்கை யார் நிரப்பி வைப்பது என்பதையும் அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள்.