வெளியேறு என்று கத்தியது யார்?

கேள்வி: இரண்டு மாதமாக எங்கள் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள் அணியை நடத்தும் மேனேஜரை 'வெளியேறு, வெளியேறு' என்று விரட்டினார்கள். போன வாரம் கிளப் அவரை நீக்கிவிட்டது. இப்போது அதே ரசிகர்கள் 'நன்றி, எங்களை மன்னித்துவிடுங்கள்' என்று கண்ணீர் வடிக்கிறார்கள். இது என்ன இரட்டை நாக்கு? இந்த முடிவுகளையெல்லாம் விஷயம் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டு, ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு ஆட்டத்தைப் பார்க்கக் கூடாதா? போதாததற்கு, புதிதாக வருகிறவரின் முதல் ஆட்டத்திலேயே கூச்சல் போட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது.

பதில்: 'விஷயம் தெரிந்தவர்கள்' என்கிறீர்களே, அவர்களிடமிருந்தே ஆரம்பிப்போம்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. 2024 மே மாதம் மேனேஜர் எரிக் டென் ஹாக் அவர்களுக்கு இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்று கொடுத்தார். லீகிலோ எட்டாவது இடம். ஆளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று மேலிடம் வாரக்கணக்கில் யோசித்தது. வேறு சிலரிடம் பேசியும் பார்த்தது. கடைசியில் ஜூலையில் அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. அக்டோபர் 28 அன்று அவரைத் தூக்கிவிட்டது. அவரையும் அவருடைய உதவியாளர்களையும் வீட்டுக்கு அனுப்ப ஆன செலவு 1 கோடியே 4 லட்சம் பவுண்டு. அடுத்தவரை லிஸ்பனிலிருந்து கூட்டிவர, அவருடைய பழைய கிளப்புக்குக் கொடுத்தது 1 கோடியே 10 லட்சம் யூரோ. நாலு மாதத்துக்குள் மனசு மாறியதற்கு இவ்வளவு விலை. ரசிகர் மனசு மாறினால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

லெஸ்டர் சிட்டி இன்னும் வேகம். மேனேஜர் கிளாடியோ ரனியேரிக்குத் தங்களுடைய அசையாத ஆதரவு உண்டு என்று 2017 பிப்ரவரி 7-ம் தேதி அறிக்கை விட்டார்கள். பிப்ரவரி 23-ம் தேதி அவரை நீக்கினார்கள். 'இவர்மேல் எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்கிறது' என்று கிளப் தலைவர் சொன்ன உடனே மேனேஜர் பெட்டி கட்டத் தொடங்க வேண்டியதுதான் என்று கால்பந்து உலகம் கேலி பேசுவது சும்மா இல்லை. இரட்டை நாக்கு என்ற பட்டத்தை ரசிகருக்குக் கொடுக்குமுன், அதற்கு அவரைவிடத் தகுதியானவர்கள் கோட்டு சூட்டோடு மேல்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள்.

அப்புறம், 'அதே ரசிகர்கள்' என்கிறீர்கள். கத்தியவரும் அழுகிறவரும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

2013-ல் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் பெர்குசன் ஓய்வு பெற்றபோது, தனக்குப் பின் இவர்தான் என்று அவரே கைகாட்டியவர் டேவிட் மோயஸ். ஆறு வருட ஒப்பந்தம். ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்று அவர் படத்தோடு ரசிகர்களே ஒரு பேனர் கட்டினார்கள். சீசன் கெட்டுப்போனது. 2014 மார்ச் மாதத்தில் மட்டும் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 3-0, மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0. அந்த பேனரை யாரும் கிழித்துவிடாமலிருக்கப் பக்கத்தில் காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டியதாயிற்று. அதே வாரம் ஆஸ்டன் வில்லாவோடு ஆட்டம். ரசிகர்களில் சிலர் காசு போட்டு ஒரு சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து, 'தப்பான ஆள், மோயஸ் வெளியேறு' என்ற வாசகத்தை வாலில் கட்டி மைதானத்துக்கு மேலே சுற்றவிட்டார்கள். செய்திகளிலெல்லாம் விமானம்தான். ஆனால் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்தை அண்ணாந்து பார்த்து ஊளையிட்டார்கள். மோயஸ் மைதானத்துக்குள் வந்தபோது கைதட்டினார்கள். அன்றைக்கு யுனைடெட் 4-1 என்று ஜெயிக்கவும் செய்தது. ஏப்ரல் 22-ம் தேதி அவரை நீக்கிவிட்டார்கள்.

அர்செனல் கதை இதைவிட வேடிக்கை. அங்கே மேனேஜர் வெங்கர். 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் மைதானத்துக்கு மேலே, 'வெங்கர் வெளியேறு' என்று ஒரு விமானம் வந்தது. கொஞ்ச நேரத்தில் 'உங்களை நம்புகிறோம்' என்று அவருக்கு ஆதரவாக இன்னொரு விமானம். இரண்டுக்கும் காசு கொடுத்தவர்கள் அர்செனல் ரசிகர்களே. இதில் எந்த விமானம் 'ரசிகர்களின் குரல்'? நேற்று முதல் கூட்டத்தின் சத்தம் உங்கள் காதில் விழுந்தது, இன்று இரண்டாவது கூட்டத்தின் அழுகை விழுகிறது. நேற்று அவர்கள் சும்மா இருந்ததால் இல்லாமல் போய்விடவில்லை.

சரி, ஒரே ஆள்தான் கத்தினார், அவரேதான் அழுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மறுபடியும் லெஸ்டருக்கே போவோம். 2015-16 சீசன் தொடங்குமுன் அந்த அணி பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தயக்காரர்கள் கொடுத்த விகிதம் 5000-க்கு 1. ரனியேரி வென்று காட்டினார். ஒன்பது மாதம் கழித்து அணி எங்கே இருந்தது? இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே. 2017 பிறந்ததிலிருந்து லீகில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இறங்கினால் கிளப்பின் வருமானமே பாதாளத்துக்குப் போய்விடும். நீக்கினார்கள். 'நேற்று என் கனவு செத்துப்போனது' என்று ரனியேரி அறிக்கை விட்டார். நாலு நாள் கழித்து லிவர்பூலுடன் ஆட்டம். 65-வது நிமிடத்தில் ரசிகர்கள் கைபேசி விளக்குகளை உயர்த்திப் பிடித்தார்கள். ரனியேரிக்கு அப்போது வயது 65. அதே இரவில் அணி மூன்று கோல் போட்டு 3-1 என்று ஜெயித்தது. வார்டி இரண்டு, டிரிங்க்வாட்டர் ஒன்று.

அந்த ரசிகரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். ஏழெட்டு வாரமாக ஒரு கோலுக்குத் தவம் கிடந்தவர் துள்ளிக் குதிக்காமல் இருப்பாரா? குதித்துவிட்டு உட்காரும்போது, 'இந்த ஓட்டத்தைப் போன வாரம் ஓடியிருந்தால் அந்த மனுஷனின் வேலை போயிருக்காதே' என்று வயிறு எரியாதா? மாற்றம் வேண்டும் என்று நினைத்தவருக்கும் எரியும். மேனேஜர் போக வேண்டும் என்பது ஒரு கணக்கு. அவர் போகிற விதம் மரியாதையாக இருக்க வேண்டும் என்பது வேறு ஒரு கணக்கு. முதல் கணக்கில் கையெழுத்துப் போட்டவர் இரண்டாவதில் கோபப்படக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

டாட்டன்ஹாம் ரசிகர்களைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்வார்கள். பதினேழு வருடம் ஒரு கோப்பையும் இல்லாத கிளப்புக்கு ஆங்கே போஸ்டெகோக்லூ 2025 மே 21-ல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீகை வென்று கொடுத்தார். அதே சீசனில் இங்கிலாந்து லீகில் 38 ஆட்டத்தில் 22 தோல்வி, பதினேழாவது இடம். ஜூன் 6-ல் அவரை அனுப்பிவிட்டார்கள். சரியா தப்பா? கோப்பையைப் பார்த்தால் தப்பு, பட்டியலைப் பார்த்தால் சரி. ஒரே ரசிகர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொன்னால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான். மேனேஜரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரசிகர் நம்புகிறாரே, அது பெரும்பாலும் ஏமாற்று. பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளாதார அறிஞர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக் ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்தார். சரிவில் மாட்டி மேனேஜரை நீக்கிய அணிகளை, அதே மாதிரி சரிந்தும் நீக்காமல் வைத்துக்கொண்ட அணிகளோடு ஒப்பிட்டார். இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுந்து வந்தன. ஆக, புதியவர் வந்ததும் கிடைக்கும் அந்த நாலைந்து வெற்றி பழையவர் இருந்திருந்தாலும் வந்திருக்கக்கூடியதுதான். லெஸ்டரில் ரனியேரிக்குப் பின் வந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். அந்த அக்டோபரிலேயே அவரும் நீக்கப்பட்டார்.

இதற்காக உடனே பெர்குசன் கதையை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். 1989-ல் 'மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு' என்று அவருக்கு எதிராக மைதானத்தில் பேனர் பிடித்ததும், அப்புறம் அவர் 13 லீக் பட்டம் வென்றதும் உண்மைதான். ஆனால் பொறுமையாக வைத்திருந்தும் தேறாமல் போனவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. தோற்கிற ஒவ்வொருவரும் நாளைய பெர்குசன் என்றால் எந்தக் கிளப்பிலும் யாரையும் மாற்றவே முடியாது.

பிறகு ஏன் ரசிகர் மேனேஜரைப் பார்த்தே கத்துகிறார்? திறக்கிற கதவு அது ஒன்றுதான் என்பதால். இருபத்தைந்து ஆட்டக்காரர்களை ஒரே நாளில் விற்க முடியாது. உரிமையாளரை அசைக்கவே முடியாது. யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியது 2005-ல். எதிர்ப்பைக் காட்ட 2010-ல் ரசிகர்கள் பச்சை, மஞ்சள் துண்டு கட்டி வந்தார்கள். 2021 மே மாதம் மைதானத்துக்குள்ளேயே புகுந்து, அன்றைய லிவர்பூல் ஆட்டம் நடக்கவிடாமல் செய்தார்கள். குடும்பம் அசையவில்லை. மோயஸ், வான் கால், மூரின்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று மேனேஜர் அறைக் கதவில் பெயர்தான் மாறியது. வான் காலை நீக்கியது அவர் எஃப்.ஏ. கோப்பை வென்ற இரண்டாம் நாள்.

பார்சிலோனாவில் நிலைமை வேறு. அங்கே கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம். 2020-ல் தலைவர் பார்தொமெயூமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரத் தேவைப்பட்டது 16,520 கையெழுத்து. அதற்கு மேலேயே சேர்ந்துவிட்டது. வாக்கெடுப்பு நடக்குமுன் அவரே ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வோட்டு உள்ள ரசிகருக்குக் கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. வோட்டு இல்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டுகிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மேலிடத்துக்கும் இது வசதிதான். ரசிகர்கள் கேட்டார்கள், நாங்கள் செய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமே! அதே ரசிகர்கள் டிக்கெட் விலையைக் குறைக்கச் சொன்னால் மட்டும் காது கேட்பதில்லை.

எப்போதும் மேனேஜரைத்தான் திட்டுகிறார்கள் என்றும் இல்லை. 2015 டிசம்பரில் செல்சி அப்போதைய மேனேஜர் மூரின்யோவை நீக்கியபின் நடந்த முதல் ஆட்டத்தில், ரசிகர்கள் சொந்த ஆட்டக்காரர்களையே எலிகள் என்று அட்டையில் எழுதிக் காட்டினார்கள். வேண்டுமென்றே சோம்பலாக ஆடி மேனேஜரைக் கவிழ்த்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அணி அன்று 3-1 என்று ஜெயித்ததால் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியாக அந்தக் கூச்சல் போடப் போகும் கூட்டம். இதுவும் செல்சியில் நடந்ததுதான். ராபர்ட்டோ டி மட்டேயோ 2012 மே மாதம் அவர்களுக்கு முதல் சாம்பியன்ஸ் லீகை வென்று கொடுத்தார். நவம்பர் 21-ல் நீக்கினார்கள். இடைக்காலத்துக்கு வந்தவர் ரஃபா பெனிடெஸ். லிவர்பூலில் இருந்த காலத்தில் செல்சி ரசிகர்களைச் சீண்டியவர் என்ற பழைய பகை வேறு. முதல் ஆட்டத்தில் அவர் தலையைக் காட்டியதும் மைதானமே ஊளையிட்டது. டி மட்டேயோ ஆட்டக்காரராக இருந்த காலத்தில் போட்டிருந்த சட்டை எண் 16 என்பதால் 16-வது நிமிடத்தில் அவருக்காகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் நியாயம். ஆனால் பெனிடெஸ் என்ன பாவம் செய்தார்? நீக்கியது அவர் இல்லையே. மாதக்கணக்கில் வசவு வாங்கிக்கொண்டே லீகில் மூன்றாம் இடம் பிடித்து, யூரோப்பா லீகையும் வென்று கொடுத்துவிட்டுப் போனார். நீக்கல் உத்தரவு போட்ட உரிமையாளருக்கு எதிராக அந்த அரங்கில் பெரிதாகச் சத்தம் எழவில்லை. கோப்பைகளுக்குப் பணம் கொடுத்தவர் அவராயிற்றே.

ஆகவே உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள். பழைய மேனேஜருக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்று கைதட்டுங்கள், பாட்டு இருந்தால் பாடுங்கள். புதியவரை விட்டுவிடுங்கள். கூச்சல் போட்டே ஆக வேண்டும் என்றால், இயக்குநர்கள் உட்காரும் வரிசை எந்தப் பக்கம் என்று முதலில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.