முத்தும் பவளமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ளியில் கட்டிய முத்து மோதிரம் ஒன்றும் பவள மோதிரம் ஒன்றும் இருக்கின்றன. கறுத்தால் புளி போட்டுத் தேய்க்கலாமா? இரண்டில் எது உறுதி?
– வாசகி, கீழக்கரை

பதில்: புளி வேண்டவே வேண்டாம். முத்தும் பவளமும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு கரையும். மங்கிய பவளத்துக்கு மறுபடி பாலீஷ் போடலாம். முத்தின் ஒளியோ மெல்லிய அடுக்குகளிலிருந்து வருவது, அரித்துவிட்டால் திரும்பாது. மீனுக்கு மசாலா தடவும்போது இரண்டையும் கழற்றி வையுங்கள்.

கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் முத்தின் கடினம் 2.5 முதல் 4.5 வரை, பவளம் 3 முதல் 4 வரை. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் 7. ஆகவே மணல் ஒட்டிய கையால் தேய்த்தால் இரண்டுமே கீறும். கீழே விழுந்தால் முத்து அவ்வளவு எளிதில் உடையாது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள புரதப் பசை அதிர்ச்சியைத் தாங்கும். நீளமாக மெலிந்த பவளம் ஒடியும்.

வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி, பிறகு நல்ல நீர். அவ்வளவு போதும். ஒலியலையால் அதிரவைத்துக் கழுவும் நகைக்கடையின் அல்ட்ராசோனிக் மெஷினில் போடச் சம்மதிக்காதீர்கள். நூலில் கோத்த முத்துமாலை நனைந்தால் தொங்கவிடாமல் படுக்கையாக உலர்த்துங்கள். ஈர நூல் நீண்டுவிடும்.

கேள்வி: ராமேசுவரத்தில் மலிவாகச் சிவப்புப் பவளம் கிடைக்கிறது. நம் கடலில் எடுத்ததா?
– வாசகர், பரமக்குடி

பதில்: இல்லை. மன்னார் வளைகுடாவில் இருப்பது பாறை கட்டும் பவளம். அதன் கூடு வெளுத்து, துளைத்துளையாக இருக்கும். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயச் சுவரில் அந்தக் கல்லைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாறைப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கரையில் ஒதுங்கிய துண்டையும் எடுக்காதீர்கள். நகைக்கான சிவப்புப் பவளம் முக்கியமாக மத்தியதரைக் கடலிலிருந்து வருகிறது.

மலிவென்றால் சாயமேற்றியதாகவோ கண்ணாடியாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உண்மைப் பவளத்தில் நீளவாட்டில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். கண்ணாடியில் காற்றுக் குமிழி தெரியும். நகப்பூச்சு நீக்கியில் தொட்ட பஞ்சால் பின்பக்கம் துடைத்துச் சிவப்பு ஏறினால் சாயம். முத்தில் இந்தச் சோதனை கூடாது. அதைப் பல் நுனியில் லேசாக உரசினால் நெருநெருவென்றிருக்கும், கண்ணாடி வழுக்கும். வளர்ப்பு முத்தும் நெருநெருக்கும் என்பதால், இயற்கை முத்தா என்று உறுதிப்படுத்த எக்ஸ்ரே பார்க்கும் பரிசோதனைக் கூடம்தான் வழி.

கேள்வி: பவளம் ரத்தசோகையையும் முத்து மனக்கலக்கத்தையும் தீர்க்குமா?
– வாசகி, தொண்டி

பதில்: பவளத்தின் சிவப்பு கேரட்டில் இருப்பதுபோன்ற கரோட்டினாய்டு நிறமி, இரும்புச்சத்து அல்ல. கல்லிலிருந்து கால்சியமும் தோல்வழியே உடலுக்குள் போகாது. செவ்வாய்க்குப் பவளம், சந்திரனுக்கு முத்து என்று அணிவது நம்பிக்கை. அணியுங்கள், ஆனால் ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின் பரிசோதனையும் மருத்துவரும் வேண்டும்.

சித்த மருத்துவத்தின் முத்துப் பற்பமும் பவளப் பற்பமும் வேறு. மாசு நீக்கிச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்து மூடி, மண் தடவிய துணியால் (சீலைமண்) பூசி, நெருப்பில் புடமிட்டு எடுத்த பொடி மருந்து அது. மருத்துவர் சொல்லும் அளவில்தான் உண்ண வேண்டும். மோதிரக் கல்லை வீட்டில் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது ஆபத்து. அதில் சாயமும் பிசினும் இருக்கலாம்.