ஹல் நகரத்துக்கு நாலு நாளாவது ஒதுக்குங்கள்

கேள்வி: ஐயா, மகன் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கிறான். ஜூலையில் பட்டமளிப்பு விழா. நானும் அவனுடைய அப்பாவும் போகிறோம். லண்டனில் இருக்கும் என் தம்பி, "அங்க பாக்க ஒண்டும் இல்லை அக்கா, விழா முடிஞ்ச கையோட இஞ்சால வாங்கோ" என்கிறான். உண்மையாகவே ஒன்றும் இல்லையா?
– வாசகி ஒருவர், குருநகர்

பதில்: தம்பி அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன், தங்கச்சி. ஹல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. வேறொரு ஊருக்குப் போகும் வழியில் தட்டுப்படுகிற இடமல்ல. அங்கே போகவேண்டும் என்று வெளிக்கிட்டவர்தான் போய்ச் சேருவார். என் அக்கா குடும்பம் அங்கே இருப்பதால் அந்த ஊர் எனக்குப் பழக்கம். நாலு நாளாவது நில்லுங்கள்.

பழைய நகரத்தில் ஹை ஸ்ட்ரீட் என்று கல் பாவிய ஒடுங்கிய தெரு ஒன்று உண்டு. அடிமை வியாபாரத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் வருடக்கணக்காகப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ் 1759இல் பிறந்த வீடு அந்தத் தெருவில்தான். இப்போது அது அருங்காட்சியகம், அனுமதி இலவசம். பழைய டிராம், குதிரை வண்டி எல்லாம் வைத்திருக்கும் இன்னொரு அருங்காட்சியகமும் பக்கத்திலேயே. அதுவும் இலவசம்தான்.

ஆனால் குருநகரில் இருந்து போகும் நீங்கள் கட்டாயம் நடக்கவேண்டியது ஹெஸில் வீதி. ஐஸ்லாந்துப் பக்கத்துக் குளிர்கடலுக்கு மீன்பிடிக்கப் போன தொழிலாளர்களின் குடும்பங்கள் இருந்த இடம் அது. 1968ஆம் ஆண்டு தொடக்கத்தில், சில வாரங்களுக்குள் ஹல்லின் மூன்று இழுவைவலை மீன்பிடிக் கப்பல்கள் அடுத்தடுத்துக் கடலில் மூழ்கின. 58 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கப்பல் வானொலித் தொடர்புக் கருவியை இயக்கும் ஆள் இல்லாமலே துறைமுகத்தை விட்டிருந்தது. லிலியன் பிலோக்கா என்ற பெண், மீன் பதனிடும் இடத்தில் வேலை செய்தவர், கணவரும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு மற்றப் பெண்களையும் கூட்டி வீதிக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கையெழுத்துச் சேர்த்தார்கள், துறைமுகத்துக்குப் போய் நின்றார்கள், லண்டனில் அமைச்சர்களைச் சந்தித்தார்கள். கப்பல்களின் பாதுகாப்பு விதிகள் மாறின. பிலோக்காவுக்கோ வேலை போனது. அந்தப் பக்கத்துச் சுவர்களில் இந்தக் கதையெல்லாம் பெரிய ஓவியங்களாக இருக்கிறது. கடலுக்குப் போனவர் வரும்வரை விளக்கை அணைக்காத வீடுகள் உங்கள் தெருவிலும் உண்டு, ஆகவே உங்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1976இல் ஐஸ்லாந்து தன் கரையில் இருந்து 200 மைல் கடல் தன் மீனவருக்கே என்று உறுதியாக்கிக்கொண்டதோடு ஹல்லின் தூரக்கடல் தொழில் படுத்துவிட்டது. இழுவைப்படகுகளால் வலை அறுந்து நிற்கிற நம் மீனவர் ஐஸ்லாந்தின் பக்கம்தான் பேசுவார். நானும் அப்படித்தான் பேசுவேன். ஆனாலும் ஹெஸில் வீதியில் வேலை இழந்து நின்றவர்கள் முதலாளிமார் அல்ல, கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள். அந்த வீதியில் நடக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தே மனதில் வரும்.

கேள்வி: பிள்ளைகளோடு ஹல் பக்கத்துக் கடற்கரைக்குப் போவதென்றால் எது நல்லது?
– ஆசிரியர் ஒருவர், நெல்லியடி

பதில்: மணலில் விளையாட பிரிட்லிங்டன் போதும், ஹல்லில் இருந்து நேரே ரயில் இருக்கிறது. ஆனால் அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போய் பெம்ப்டனில் இறங்குங்கள். நிலையத்தில் இருந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் நடை. நூறு மீற்றர் உயர வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், அதில் இலட்சக்கணக்கான கடற்பறவைகள். காணும் முன்பே எச்சத்தின் நாற்றமும் கூச்சலும் வந்துவிடும். கன்னெட் என்ற பெரிய வெள்ளைப் பறவை, சிறகு விரித்தால் இரண்டு மீற்றர் அளவு வரும், வேலியடியில் நிற்கும் பிள்ளையின் கண்மட்டத்தில் காற்றில் அப்படியே நிற்கும். தலையில் இளமஞ்சள், கண்ணைச் சுற்றி நீலக் கோடு, அதுகூடத் தெரியும். வண்ணச் சொண்டுப் பஃபின்களைப் பார்க்கவேண்டுமென்றால் ஜூலை நடுப்பகுதிக்கு முன் போங்கள். பிறகு அவை கடலுக்குப் போய்விடும்.

அப்புறம் ஸ்பர்ன். ஹம்பர் முகத்துவாரத்தின் குறுக்கே மெல்லிய வால் போலக் கிடக்கும் மணல் திட்டு, சுமார் ஐந்து கிலோமீற்றர் நீளம். நான் புவியியல் படிப்பித்தவன், அதனால் இந்த இடத்தில் எனக்குத் தனி விருப்பம். அதற்கு வடக்கே இருக்கிற ஹோல்டர்னெஸ் கரை முழுவதும் பனியாறுகள் விட்டுப்போன களிமண். கடல் அதை வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு மீற்றர் என்று தின்கிறது. கரைந்ததில் ஒரு பங்கு தெற்கே இழுபட்டு ஸ்பர்னாகச் சேருகிறது. மணற்காட்டில் பழைய அந்தோனியார் கோயிலை மணல் மூடிய இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அங்கே கோயிலோடு ஊரையே கடல் எடுத்துக்கொண்டது. ரேவன்சர் ஒட் என்ற துறைமுகப் பட்டினம் 14ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தில்தான் மறைந்தது. ஸ்பர்னுக்குத் திரும்பும் கில்ன்சீ கிராமத்தில் புளூ பெல் என்ற கட்டடத்தின் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1847இல் கட்டியது, கடலில் இருந்து 534 யார் தூரம் என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளைகளைக் கல்லை வாசிக்கவிட்டு, அங்கிருந்து கடல்வரை எட்டு வைத்து எண்ணச் சொல்லுங்கள். அந்தத் தூரத்தில் பாதிகூட இப்போது இல்லை. வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தாலும் இப்படிப் பதியாது.

ஒரு எச்சரிக்கை. 2013 டிசம்பரில் வந்த பெருங்கடலேற்றம் ஸ்பர்னின் பாதையை உடைத்துவிட்டது. பெரிய வற்றுப்பெருக்கு நாட்களில் அந்த இடம் தண்ணீருக்குள் போகும். தொடக்கத்தில் இருக்கும் பார்வையாளர் நிலையத்தில் பெருக்கு நேரத்தைக் கேட்டுவிட்டே நடக்கவேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே சமாளிக்கலாமா?
– வாசகி ஒருவர், நல்லூர்

பதில்: சமாளிக்கலாம். ஆனால் சிப்ஸ் கடையில் கவனம். யோர்க்ஷயர் பக்கம் பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், உருளைக்கிழங்கையும் அதில்தான். "என்ன எண்ணெய்?" என்று முதலே கேளுங்கள், கோபிக்க மாட்டார்கள். தாவர எண்ணெய்க் கடை கிடைத்தால் பாட்டி (pattie) என்ற பொரியல் ஒன்று வாங்குங்கள். மசித்த கிழங்கில் சேஜ் இலை சேர்த்து மாவில் தோய்த்துப் பொரித்தது. மேலே சிவப்பாகத் தூவும் உப்புத்தூள் அந்த ஊருக்கே உரியது. அக்கா வீட்டில் அது இல்லாமல் கிழங்குப் பொரியல் மேசைக்கு வராது.

கேள்வி: ஹம்பர் பாலத்தில் நடந்து போகலாமா?
– உயர்தர மாணவன், மானிப்பாய்

பதில்: தாராளமாக, நடப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை. 1981இல் திறந்தது. நடுத்தாங்கல், அதாவது இரண்டு கோபுரங்களுக்கும் இடையிலான தூரம், 1410 மீற்றர், 1998வரை உலகிலேயே நீளமான தனித்தாங்கல் அதுதான். இரண்டு கோபுரங்களும் செங்குத்தாகவே நிற்கின்றன, ஆனாலும் உச்சியில் அவற்றின் இடைவெளி அடியில் இருப்பதைவிட 36 மில்லிமீற்றர் கூட. பூமி உருண்டை என்பதால் வந்த வித்தியாசம் அது. தம்பி, கேத்திரகணிதப் புத்தகத்தை எடுத்து நீரே ஒருமுறை கணக்குப் பண்ணிப் பாரும்.

கேள்வி: லண்டனில் இருந்து எப்படிப் போவது?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: கிங்ஸ் குரோஸ் நிலையத்தில் இருந்து நேரடி ரயில், சுமார் இரண்டரை மணித்தியாலம். டிக்கெட்டை சில வாரம் முன்பே எடுத்தால் விலை நன்றாகக் குறையும், அன்றன்று எடுத்தால் கை கடிக்கும். ஜூலை என்றாலும் காற்றுத் தடுக்கும் ஜக்கெட் ஒன்று வேண்டும், பெம்ப்டன் பாறை மேலே சேலை நிற்காது.