ஒரே பைக், இரண்டு பையன்கள்

ஐயா,

எங்கள் பள்ளிப் பையன்கள் இருவர் சேர்ந்து ஒரு பைக்கைத் திருடி மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் போன வருடம் வரை எந்த வம்புக்கும் போகாதவன். மற்றவன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே அடிதடி, பொய், திருட்டு. இப்போது இருவரும் ஒரே கூர்நோக்கு இல்லத்தில். குற்றம் ஒன்றுதான், மனமும் ஒன்றுதானா?

ஆ., ஆசிரியை

அன்புள்ள ஆ.,

இல்லை. ‘ஒன்றாம் வகுப்பிலிருந்தே’ என்று எழுதினீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது.

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைச் சிறுவயது முதல் ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் பணியாற்றிய டெரி மோஃபிட் 1993இல் இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டினார். உங்கள் முதல் பையன் மாதிரியானவர்களுக்கு உடம்பு வளர்ந்துவிட்டது, ஊர் மட்டும் இன்னும் சின்னப் பையனாகவே நடத்துகிறது. அப்போது யாருக்கும் அடங்காத கூட்டாளி பெரிய மனுஷனாகத் தெரிகிறான். அவனைப் பார்த்துச் செய்கிறார்கள். வேலை, குடும்பம் என்று வந்ததும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். (எல்லாரும் சுத்தமாக அல்ல, 26 வயதிலும் சிலரிடம் போதைப் பழக்கம் இருந்தது.)

இரண்டாவது வகையில் பேச்சுத் திறனும் தன்னை அடக்கும் திறனும் ஆரம்பத்திலேயே குறைவு. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பொறுமையில்லாத வீடும் வாய்த்தால் ஒன்றை ஒன்று வளர்க்கும்.

ஆனால் அவனைக் கல்மனசுக்காரன் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடிதடிப் பையன்களில் பலர் யாராவது தெரியாமல் இடித்தால்கூட வேண்டுமென்றே இடித்ததாக நினைத்துப் பாய்கிறவர்கள். அடித்த பிறகு அழுகிறவர்களும் உண்டு. எதிரே இருப்பவன் முகத்தில் பயத்தைக் கண்டும் எதுவும் தோன்றாத பிள்ளைகள் வேறு, எண்ணிக்கையிலும் குறைவு. இது போக, சின்ன வயதில் முரடாக இருந்து பின்னால் அடங்கியவர்கள் டுனிடினிலேயே கணிசமாக இருந்தார்கள்.

எனக்குக் கவலை உங்கள் முதல் பையனைப் பற்றித்தான், மற்றவனோடு ஒரே இல்லத்தில் இருக்கிறானே. அமெரிக்காவில் 1939இல் ஐந்நூறு சொச்சம் பையன்களில் பாதிப் பேருக்கு ஆலோசனை, படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்துக் கணக்கெடுத்தால், உதவி பெற்றவர்கள் நிலைதான் மோசம்! பின்னர் அலசியபோது, முகாமுக்குத் திரும்பத் திரும்பப் போனவர்களிடம்தான் கெடுதல் அதிகமாகத் தெரிந்தது. இந்த வயதில் ஒருவன் வீரக்கதை சொல்ல, மற்றவர்கள் சிரித்தாலே போதும், அது பாடமாகிவிடும்.

நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வரும்போது, இருவரும் ஒன்றாம் வகுப்பில் எப்படி இருந்தார்கள் என்பதைத் தனித்தனியே எழுதிக் கொடுங்கள். வழக்குக் காகிதத்தில் அது இருக்காது.